வர்ணப் பொடி, வினோத உடை, ஐந்து கிலோமீற்றர்: திருகோணமலையில் இருந்து முதல் தீம் ரன்னுக்குப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டம் ஒரு நாள் நடக்கும், வினோத உடைப் போட்டி இன்னொரு நாள் நடக்கும். இரண்டையும் ஒரே காலையில், ஒரே ஆளை வைத்துச் செய்தால் வருவதுதான் தீம் ரன். சிலதில் வழி நெடுக வர்ணப் பொடி தூவுவார்கள். சிலதில் எல்லோரும் இளஞ்சிவப்பு உடுத்தி வர வேண்டும். டிசெம்பர் என்றால் நத்தார் தாத்தா தொப்பி, இரவு ஓட்டம் என்றால் கையில் ஒளிரும் வளையம். தூரம் பெரும்பாலும் 5 கிலோமீற்றர், சிலதில் 10, எப்போதாவது அரை மரதன்.

நான் பரிசு வாங்குகிற ஓட்டக்காரன் இல்லை. கூட்டத்தின் நடுவில் தொடங்கிப் பின்பாதியில் முடிக்கிறவன். தீம் ரன்னின் கலகலப்பு முழுவதும் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது என்பதால் அதில் எனக்குக் குறையும் இல்லை. அங்கே இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முதல் தடவை வருகிறவர்கள் வேடத்துக்கு இரண்டு வாரம் செலவழிக்கிறார்கள், கால்களுக்கு இரண்டு நாள்கூடக் கொடுப்பதில்லை. மூன்றாவது கிலோமீற்றரில் இறக்கையும் கிரீடமும் கையில், ஆள் நிழலில். சந்தோசத்துக்காகத்தான் போகிறோம், சரி. அந்தச் சந்தோசம் கடைசி வளைவு வரை நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் தயார்ப்படுத்தல் வேண்டும்.

எந்த ஓட்டத்தைத் தேர்வது

முதல் தடவை என்றால் கலர் ரன் நல்லது. 2012இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் தொடங்கிப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய வடிவம் இது. 5 கிலோமீற்றர், நேரக் கணக்கு இல்லை, வெள்ளை உடுப்போடு தொடங்கி வானவில்லாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். நடந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

விழிப்புணர்வு ஓட்டங்கள் இன்னொரு வகை. ஒக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு என்பதால் அப்போது இளஞ்சிவப்பு ஓட்டங்கள் வரும். நவம்பர் 14 உலக நீரிழிவு தினம், அதற்கு நீலம். இவற்றில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பழைய மாணவர் சங்கத்து நடைபவனிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தச் சூழல் புதிதாக இருக்காது. அம்மாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் இல்லை.

வேட ஓட்டங்களுக்கு எல்லையே கிடையாது. லண்டன் மரதனில் காண்டாமிருகப் பாதுகாப்புக்கு நிதி சேர்க்கிறவர்கள் சுமார் 10 கிலோ எடையுள்ள காண்டாமிருக உடையை மாட்டிக்கொண்டு 42.195 கிலோமீற்றரும் ஓடுகிறார்கள். பிரான்சின் மெடொக் பகுதியில் 1980களில் தொடங்கிய மரதனில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தலைப்புக் கொடுத்து, அதற்கேற்ற வேடத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட விடுகிறார்கள். தண்ணீர் மேசையில் வைனும் இருக்கும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்முடைய வெக்கையில் அதைப் பின்பற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயர் மட்டும் தீமாக இருந்து, உள்ளே முழுமையான போட்டியாக நடக்கும் ஓட்டங்களும் உண்டு. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காவில் 5, 10, அரை மரதன், முழு மரதன் என நாலு நாளில் நாலு ஓட்டம் ஓடுகிற சவால் ஒன்று இருக்கிறது. கார்ட்டூன் பாத்திரங்களோடு படம் எடுக்க ஓட்டத்தின் நடுவிலேயே வரிசையில் நிற்பார்கள், ஆனால் குறித்த வேகத்துக்குக் கீழே போனால் பாதையில் இருந்து எடுத்துவிடுவார்கள். விளம்பரத்தில் பலூன் படம் இருந்தாலும் கடைசி நேர எல்லை எவ்வளவு என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு முன்னால் உங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தடவை நேரம் பார்த்து ஓடப்போகிறேனா, கும்மாளத்துக்குப் போகிறேனா? இரண்டையும் சேர்த்துக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும். செல்பிக்கு நிற்கிற ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்துப் புழுங்குகிறவர்களை நிறையவே கண்டிருக்கிறேன்.

காசு கட்டுமுன்

தீம் ரன் நடத்துவது யாருக்கும் கவர்ச்சியான வேலை, அதனால் அனுபவம் இல்லாதவர்களும் நடத்துகிறார்கள். ஒருமுறை ஓர் ஊரில் ஓடியபோது இசைக்கும் மேடைக்கும் குறைவில்லை, ஆனால் பின்னால் வந்த எங்களுக்கு இரண்டாவது தண்ணீர் மேசையில் வெறும் போத்தல்கள்தான் இருந்தன. அதிலிருந்து பதிவு செய்யுமுன் கேட்டுவிடுகிறேன்: தண்ணீர் எத்தனை இடத்தில் வைப்பீர்கள்? அம்புலன்ஸ் நிற்குமா? பாதை வாகனங்களுக்கு மூடப்படுமா, ஓரமாக ஓட வேண்டுமா? மழையால் தள்ளிப்போனால் பதிவு செல்லுமா? நிதி சேர்க்கும் ஓட்டம் என்றால், கட்டணத்தில் எவ்வளவு அந்தக் காரியத்துக்குப் போகிறது? ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

திருகோணமலைக்காரருக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. பெரிய ஓட்டங்கள் பல கொழும்புப் பக்கம் நடக்கின்றன. டீசேர்ட்டும் இலக்க அட்டையும் கொண்ட பையை முதல் நாளே வந்து எடுக்கச் சொல்வது வழக்கம். கொழும்பில் இருப்பவர் வேலை முடிந்து போய் வாங்கிவிடலாம். நமக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஓட்ட நாள் காலையில் தருவார்களா, இல்லையென்றால் அடையாள அட்டைப் பிரதியும் ஒரு கடிதமும் கொடுத்து உறவினரை அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வட்ஸ்அப் செய்தி போதும்.

படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் இலக்கம் கேட்பார்கள். கூடவே ஓட வருகிற ஆளின் இலக்கத்தைப் போடாமல் வீட்டில் இருக்கிறவருடையதைப் போடுங்கள். டீசேர்ட் அளவில் சந்தேகம் வந்தால் பெரியதைக் குறியுங்கள்.

எட்டு வாரம், நம்ம ஊர் வீதியில்

ஒன்றுமே ஓடாத ஒருவர் 5 கிலோமீற்றருக்குத் தயாராக எட்டு வாரம் தாராளம். நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, நெஞ்சுவலி வந்த வரலாறோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள். மற்றவர்கள் நாளைக்கே தொடங்கலாம்.

முறை எளிது: ஓட்டமும் நடையும் கலந்தது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் காலவே என்ற அமெரிக்கர் பிற்காலத்தில் சாதாரண ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிரபலமாக்கிய வழி. வாரத்தில் மூன்று நாள் போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே எட்டுத் தடவை. அடுத்த இரண்டு வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்தாம் ஆறாம் வாரங்களில் ஐந்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கலாம். ஏழாவது வாரம் ஒரு நாளாவது 4 கிலோமீற்றரை முடித்துப் பாருங்கள். எட்டாவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும், கால் ஓய்ந்து இருக்கட்டும். வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வசனம் பேச முடியவில்லை என்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.

எங்கே ஓடுவது? தொடக்கத்துக்கு உட்துறைமுக வீதி நல்லது. தட்டையான பாதை, ஒரு பக்கம் தண்ணீர், காலையில் வாகனம் குறைவு. டச்பே கடற்கரையும் பக்கம்தான், ஆனால் அது கிழக்கைப் பார்த்த கரை, சூரியன் கடலில் இருந்து எழும்பி நேரே முகத்தில் அடிக்கும். மணலில் ஓடினால் ஈரமான கெட்டி மணலில் மட்டும் ஓடுங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் நீண்ட தூரம் ஓடினால் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கும், போன தூரம் திரும்பியும் வர வேண்டும்.

நாலைந்து வாரம் கழிந்து கால் பலப்பட்டதும் பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேஸ்வரத்துப் பக்கம் ஏறலாம். ஏற்றத்துக்கு இதைவிட அழகான பாதை இந்த ஊரில் எனக்குத் தெரியாது. ஏறும்போது அடியைச் சின்னதாக்குங்கள், மூச்சு வாங்கினால் நடவுங்கள். மான்கள் பாதையில் நிற்கும். அவற்றுக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை என்றாலும், ஓடி நெருங்கினால் திடீரென்று குறுக்கே பாயும், விலத்திப் போங்கள். கோயிலை நெருங்கியதும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கும்பிட வருகிறவர்களுக்கு நடுவே வியர்வையோடு இடித்துக்கொண்டு ஓடுவது அழகில்லை. உவர்மலைப் பக்கமும் ஏற்றம் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. உப்புவெளி, நிலாவெளி வீதி நீளமாக ஓட நன்றாக இருக்கும், ஆனால் பஸ்கள் பறக்கிற வீதி அது. வாகனம் எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள்.

தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஓடுகிற கால்தான் அதைக் கிளப்புகிறது. நின்று, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகினால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெக்கைதான் பெரிய விடயம். ஜூனில் இருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகலில் 35 பாகையை ஒட்டிப் போகும், ஏழரை மணிக்கே வீதி கொதிக்கத் தொடங்கிவிடும். ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் முடிப்பது உத்தமம். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும் என்பதால் முதல் இரண்டு வாரம் மெதுவாக ஓடுவதை இழப்பாக நினைக்காதீர்கள். ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை வடகீழ் பருவமழை. டிசெம்பர் நத்தார் ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் பாதி நாட்கள் நனைந்துதான் ஓட வேண்டியிருக்கும். மழையில் ஓடலாம், மின்னலில் ஓட வேண்டாம். தண்ணீர் தேங்கி நிற்கிற வீதியில் குழி தெரியாது, அன்றைக்கு வீட்டுக்குள்ளே படியேறி இறங்கினால் போதும்.

தனியாக இருட்டில் ஓடப் பெண்கள் தயங்குவது நியாயமே. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொண்டால் அந்தத் தயக்கமும் போகும், எழும்பச் சோம்பலும் போகும். "இந்த வயசில என்ன ஓட்டம் பிள்ளை?" என்று கேட்கிற அன்ரிமார் எல்லா ஒழுங்கையிலும் இருப்பார்கள். அவர்களையும் நடக்கக் கூப்பிட்டுவிடுங்கள். சிலர் உண்மையிலேயே வந்துவிடுவார்கள்.

உடையும் வேடமும்

காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் சப்பாத்து. மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஓட்ட நாளில் புதுச் சப்பாத்தைத் திறக்காதீர்கள்.

வேடத்துக்கு என் விதி இதுதான்: அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் இருந்து 2 கிலோமீற்றர் ஓடிப் பார்க்காத எதையும் ஓட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அயலவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கே உராய்கிறது, எது நழுவுகிறது, எது காற்றில் முகத்தை மூடுகிறது என்று அந்த 2 கிலோமீற்றரில் தெரிந்துவிடும். முழு முகமூடி வேண்டவே வேண்டாம், மூச்சும் முட்டும், பக்கத்தில் வருகிறவரும் தெரியாது. பஞ்சு வைத்த நத்தார் தாத்தா உடுப்பு குளிர்நாட்டுக்குத் தைத்தது. நமக்குச் சிவப்பு டீசேர்ட், தொப்பி, பருத்தித் தாடி போதும், தாடியையும் முதல் கிலோமீற்றருக்குப் பிறகு கழற்றிவிடுவீர்கள். பாவாடை, வேட்டி போன்றவற்றை முழங்காலுக்கு மேலே மடித்துத் தைத்துவிட வேண்டும். கனமான பருத்தி உடுப்பு வியர்வையில் பாரமாகும், உள்ளே மெல்லிய விளையாட்டு உடுப்பு போட்டுக்கொண்டு வேடத்தை மேலே மாட்டுங்கள். அக்குள், தொடை, மார்பு எல்லாவற்றிலும் வாஸ்லின் பூசிக்கொள்ளுங்கள். ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நீளமான ஓட்டத்துக்குப் பிறகு முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது விளங்கும்.

வேடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யாருடைய சமயத்தையும், சமூகத்தையும், நோயையும் கேலிப்பொருளாக்காதீர்கள். மூன்று சமூகங்களும் சேர்ந்து ஓடுகிற ஊர் இது.

கலர் ரன் என்றால் தனியாகச் சில

பொடி பெரும்பாலும் சோள மாவில் உணவு நிறம் கலந்தது. அப்படித்தானா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள், கடையில் வாங்கிய சாயத்தூள் என்றால் போகாதீர்கள். ஓடுமுன் தலைக்கும் முகத்துக்கும் கழுத்துக்கும் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் பிறகு நிறம் லேசாகப் போகும். கண்ணுக்கு மலிவான கறுப்புக் கண்ணாடி. கொண்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. பொடி தூவுகிற இடத்தில் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கடந்துவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஓரமாகப் போகலாம், பம்பைக் கையில் வைத்திருங்கள். போனை நல்ல பொலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த மாவு காற்றில் அடர்த்தியாக மிதக்கும்போது தீப்பற்றும். 2015 ஜூன் 27ஆம் திகதி தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில் நடந்த வர்ணப்பொடி இசை நிகழ்ச்சியில் இப்படித் தீ மூண்டு 15 பேர் இறந்தார்கள், 500 பேருக்குக்கிட்டக் காயப்பட்டார்கள். அது ஓட்டம் இல்லை, மேடை நிகழ்ச்சி. ஆனால் ஓட்டம் முடிந்ததும் மேடைக்கு முன்னால் எல்லோரும் ஒன்றாகப் பொடி எறிகிற கட்டம் இங்கேயும் உண்டு. பக்கத்தில் யாராவது சிகரெட்டோ பட்டாசோ கொளுத்தினால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேறுங்கள். நடத்துகிறவர்களிடமும் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவும் ஓட்ட நாளும்

வெளியூர் ஓட்டத்துக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே ஓடலாம் என்று நினைக்காதீர்கள். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறேழு மணித்தியாலம் குலுங்கிப் போன கால் ஓடாது. முதல் நாள் பகலிலேயே போய்த் தெரிந்தவர் வீட்டில் படுங்கள். இரவுச் சாப்பாடு பழகியதாக இருக்கட்டும்: இடியப்பம், சொதி, உறைப்புக் குறைந்த கறி. காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னால் ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு பாண், ஒரு பிளேன்டீ. 5 கிலோமீற்றருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. புறப்படுமுன் வலி மாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடம்பில் நீர் குறைகிற நேரத்தில் அது சிறுநீரகத்துக்குக் கூடாது.

இலக்க அட்டையை நான்கு மூலையிலும் பின் குத்தி நெஞ்சுக்கு முன்னால் மாட்டுங்கள், வேடத்துக்கு மேலே தெரிய வேண்டும். நேரம் கணக்கிடும் ஓட்டம் என்றால் அட்டையின் பின்னால் மெல்லிய சிப் ஒட்டியிருக்கும், அதை மடிக்கக் கூடாது. நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் அந்தச் சிப் எண்ணத் தொடங்கும், அதனால் முன்னுக்கு நிற்க அடிபட வேண்டியதில்லை. வர முடியாமல் போனவரின் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. நீங்கள் மயங்கி விழுந்தால் வைத்தியர் பார்ப்பது வேறொருவரின் வயதையும் வீட்டு இலக்கத்தையும்தான்.

பெரிய வேடம் போட்டவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், நடக்கிறவர்கள் பின்னால் நின்று தொடங்குங்கள். தொடங்கியதும் இசையும் கூச்சலும் உங்களை இழுக்கும், முதல் கிலோமீற்றரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். செல்பிக்கு நிற்பதானால் முதலில் கையைத் தூக்கிக் காட்டி, ஓரத்துக்கு வந்து, பிறகு நில்லுங்கள். நாலு பேர் கைகோத்துக்கொண்டு வீதியை அடைத்து நடக்க வேண்டாம். தண்ணீர் மேசையில் முதல் மேசை எப்போதும் நெரிசல், கடைசி மேசைக்குப் போங்கள்.

5 கிலோமீற்றருக்கு இரண்டு மிடறு தண்ணீர் தாராளம். நீண்ட ஓட்டத்துக்குப் போகிறவர்கள் தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். 2002 பொஸ்டன் மரதனில் சோதித்த 488 ஓட்டக்காரர்களில் 13 வீதமானோருக்கு இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்ததுதான் முக்கிய காரணமாகத் தெரிந்தது. வியர்த்துக் கொட்டுகிறவர்கள் ஜீவனிப் பைக்கற்றை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். குறைந்த தண்ணீரில் தடிப்பாகக் கரைக்கக் கூடாது.

தலை சுற்றுதல், நெஞ்சு இறுக்கம், குளிர் நடுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடி, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், வேடத்தைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 1990 இலவச இலக்கம்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடந்துகொண்டிருங்கள். ஒரு செவ்விளநீர், அரை மணித்தியாலத்துக்குள் வயிறு நிறையச் சாப்பாடு. வர்ணப்பொடி இருந்தால் நனைக்காமல் முதலில் தட்டி உதறுங்கள். ஈரம் பட்டால் பசையாகிவிடும். பஸ் இருக்கைக்கு ஒரு பழைய சாரமோ துவாயோ கொண்டுபோங்கள், அல்லது ஏறுமுன் உடுப்பை மாற்றுங்கள். கொண்டக்டரின் பேச்சைக் கேட்கத் தேவையில்லை. திரும்பி வருகிற வழியில் பஸ் தேநீருக்கு நிற்கும்போதெல்லாம் இறங்கி நடவுங்கள், இல்லாவிட்டால் திருகோணமலையில் இறங்கும்போது கால் மரக்கட்டையாக இருக்கும்.

அடுத்த இரண்டு மூன்று நாள் படியிறங்கும்போது தொடை வலிப்பது வழக்கம். நடந்தால் குறையும். ஒரே இடத்தில் குத்துகிற வலி, வீக்கம் இருந்தால் மட்டும் வைத்தியரைப் பாருங்கள். அந்த டீசேர்ட்டை வீட்டு வெள்ளைத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட வேண்டாம். அடுத்த ஓட்டத்துக்கான பதிவை வலி போகும் வரை தள்ளிப்போடுங்கள், படங்கள் வட்ஸ்அப்பில் வந்து குவிகிற அன்றைக்குத்தான் எல்லோரும் அவசரப்பட்டு அரை மரதனுக்குக் காசு கட்டுகிறார்கள்.